மூடியும் கலப்பையும்: காப்புரிமை பற்றி ஊராட்சிகள் அறிய வேண்டுவன

பூச்சி மருந்துப் புட்டியின் மூடி எவ்வாறு அமைய வேண்டும் என்பது ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை செல்லத்தக்க விஷயமா என்று நம் விவசாயிகளிற் பலர் ஐயுறக்கூடும். மூடி சரியாக அமையாவிட்டால் மருந்து கசியும்; கசிந்தால் கைக்கும் கண்ணுக்கும் தீங்கு, பணத்துக்கும் நட்டம். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? ஆயினும் 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய மூடி ஒன்றைப் பற்றி மிக விரிவான தீர்ப்பை வழங்கியது. அதே தீர்ப்பில் கல் நிலத்தை உழும் கலப்பை ஒன்றும் ஆராயப்பட்டது. சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ஆம் நாள் தனி மாவட்டமாகிய நம் தருமபுரிக்கு அப்பொழுது ஐந்து மாதங்கூட நிறையவில்லை. கடல் கடந்த நாட்டில் மூடிக்கும் கலப்பைக்கும் கூறப்பட்ட நியாயம், பாலக்கோட்டில் தக்காளி பயிரிடுவோருக்கும் பென்னாகரத்து மேட்டு நிலங்களில் கேழ்வரகு விளைவிப்போருக்கும் எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் காப்புரிமை என்பது யாது என்று தெளிந்துகொள்வது நலம். 'பேடண்ட்' என்று வழங்குவதும் இதுவே. புதிய பொருள் ஒன்றையோ செய்முறை ஒன்றையோ கண்டவர் அதன் விவரம் முழுவதையும் மறைக்காமல் எழுதி அரசாங்கத்திடம் கொடுக்கிறார். அரசாங்கம் அதை ஆராய்ந்து, தகுதியுடையதாயின், அவருடைய அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யாதவாறும் விற்காதவாறும் தடுக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. நம் நாட்டில் இவ்வுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உண்டு. அதன்பின் அப்பொருள் அனைவருக்கும் பொது. ஆகவே இது ஒரு பண்டமாற்றுப் போன்றது: கண்டவர் தம் அறிவைப் பொதுமக்களுக்குக் கொடுக்கிறார், பொதுமக்கள் சில ஆண்டுகளுக்குத் தம் உரிமையை அவருக்கு விட்டுக் கொடுக்கின்றனர்.

பண்டமாற்றில் இரு தரப்பும் ஏதேனும் கொடுத்தாக வேண்டும் அல்லவா? முன்பே ஊரார் அனைவரும் அறிந்த ஒன்றை எழுதிக் கொடுத்து ஒருவர் 20 ஆண்டு உரிமை பெற்றால், அவர் கொடுத்தது ஒன்றுமில்லை. அரூரிலோ காரிமங்கலத்திலோ லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் தம் தகப்பனார் காலத்திலிருந்து செய்து வந்த கருவியைச் செய்வதற்கே இன்னொருவரின் அனுமதியை நாட வேண்டிய நிலை உண்டாகும். இதன் மறுபுறமும் உண்டு. அந்தப் பட்டறைக்காரர் உண்மையாகவே புதிதாக ஒன்றைக் கண்டிருந்தும், விண்ணப்பிக்கும் முன்பே அதை ஊரறியக் காட்டி விற்றுவிட்டாரானால், தமக்குரிய உரிமையை அவரே இழந்துவிடக்கூடும். இவ்விரு நட்டங்களையும் தவிர்க்க வேண்டுமானால், 'புதியது எது, பழையது எது' என்பதை நீதிமன்றங்கள் எவ்வாறு ஒப்பிட்டு நோக்குகின்றன என்று நாம் அறிய வேண்டும். அவ்வொப்பீட்டைப் படிப்படியாகக் கற்க மூடி வழக்கைவிடத் தெளிவான உதாரணம் நாம் அறிந்தவரை வேறில்லை.

வழக்கின் வரலாறு இது. அமெரிக்காவில் குக் கெமிக்கல் என்ற கம்பெனி வீட்டுப் பூச்சிகளைக் கொல்லும் மருந்தைப் புட்டிகளில் அடைத்து விற்று வந்தது. விரலால் அழுத்தினால் மருந்தைத் தூவும் சிறு தெளிப்பான் ஒன்று புட்டியோடு தனியாகக் கொடுக்கப்படும். வாங்கியவர் புட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுத் தெளிப்பானைத் திருகிக்கொள்ள வேண்டும். இதில் பல தொல்லைகள். கடையில் வைத்திருக்கும்பொழுதே தெளிப்பான் மட்டும் களவு போய்விடும். சரி, தொழிற்சாலையிலேயே தெளிப்பானைப் புட்டியில் பொருத்தி அனுப்பிவிடலாம் என்றால், வழியில் மருந்து கசிந்துவிடும். தெளிப்பானின் அழுத்துத் தண்டு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் பெட்டியில் அடுக்குவதும் கடினம்.

இத்தொல்லைகளைத் தீர்க்கும் பொருட்டு அக்கம்பெனியைச் சேர்ந்த பாக்ஸ்டர் ஸ்காகின் என்பவர் ஓர் அமைப்பை வகுத்தார். புட்டியின் கழுத்தில் ஒரு கழுத்து மூடி. அதன் நடுவில் தெளிப்பான். அதன்மேல் தொப்பி போன்ற இரண்டாவது மூடி. இந்த மேல்மூடியைத் திருகி இறக்கும்பொழுது அது தண்டை அழுத்திக் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். மேல்மூடியின் உட்புறத்தில் வளையம் போன்ற ஒரு புடைப்பு. அது கழுத்து மூடியின் தோள் போன்ற பகுதியில் இறுகப் பொருந்திக் கசிவைத் தடுக்கும். வாங்கியவர் மேல்மூடியைக் கழற்றினால் போதும், தெளிப்பான் உடனே பயன்படும். 1959-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கிடைத்தது. வியாபாரமும் நன்றாகவே நடந்தது.

தெளிப்பான்கள் செய்து விற்கும் கால்மார் என்ற கம்பெனியும் இதையொத்த ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதனிடம் வாங்கிப் பயன்படுத்தியது கோல்கேட் பாமாலிவ் கம்பெனி. இவ்விரு கம்பெனிகளும் குக் கம்பெனியின் காப்புரிமை செல்லாது என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்தை அணுகின. தங்கள் உரிமை மீறப்பட்டது என்று குக் கம்பெனி எதிர்வழக்குத் தொடர்ந்தது. மாவட்ட நீதிமன்றமும் அதற்கு மேலான எட்டாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் காப்புரிமை செல்லும் என்றே கூறின. அதன் பின்னரே வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டாம் கிளார்க்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். நம் வாசகர்கள் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்கள் வரைந்துகொண்டு இப்பகுதியைப் படித்தால் எளிதில் விளங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். தண்டை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடி உண்டா? கசிவைத் தடுக்கும் அடைப்பு மரைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? அந்த அடைப்பு வாஷரால் ஆனதா, வாஷர் இல்லாமல் ஆனதா?

முதல் கட்டத்தில் ஸ்காகின் மூடி. மேல்மூடி உண்டு; அடைப்பு மரைக்கு மேலே; வாஷர் இல்லை, புடைப்பு வளையமே அடைப்பு.

இரண்டாவது கட்டத்தில் லோஸ் என்பவருடைய 1938-ஆம் ஆண்டுக் காப்புரிமை. ஸ்காகினுக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இவர் அதே வேலைக்கு அதே போன்ற தெளிப்பானை அமைத்துவிட்டார். மேல்மூடி உண்டு. ஆனால் மேல்மூடியின் விளிம்பு கழுத்து மூடியின் மேல் வைத்த ஒரு வாஷரில் வந்து உட்காரும். அதாவது, மரைக்கு மேலே தனி அடைப்பு இல்லை; வாஷரும் தேவை.

மூன்றாவது, மெலன் என்பவருடைய 1952-ஆம் ஆண்டுக் காப்புரிமை. இதுவும் பொருத்தியபடியே அனுப்பத்தக்க தெளிப்பான்தான். இதில் அடைப்பு மரைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் மேல்மூடி நேராகப் புட்டியின் மீதே திருகப்படும். அடைப்புக்கு வாஷர் வேண்டும்.

இதுவரை பார்த்தால் ஸ்காகினுக்கு ஒன்று எஞ்சுகிறது: மரைக்கு மேலே வாஷர் இல்லாத அடைப்பு. கீழ் நீதிமன்றங்கள் இதைப் பெரிதாகக் கருதின. ஆனால் நான்காவது கட்டம் ஒன்று இருக்கிறது. லிவிங்ஸ்டன் என்பவர் பெற்ற காப்புரிமை அது. அவர் அமைத்தது தெளிப்பான் அன்று. திரவங்களை ஊற்றுவதற்கான மூக்கை மூடிப் பாதுகாக்கும் மூடி. அதில் கழுத்து வளையத்தின் மேற்புறத்தில் நாக்குப் போன்ற ஒரு புடைப்பு. மேல்மூடியின் உட்புறத்தில் அதற்கேற்ற காடி. நம் தச்சர்கள் பலகைகளை இணைக்கும் நாக்கு-காடி முறையை அறிந்தோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாஷர் இல்லாமலே, மரைக்கு மேலேயே, கசிவு நிற்கிறது. ஸ்காகினுடைய வளையத்தைவிட இது உறுதியானதுங்கூட; ஏனெனில் மேல்மூடி சற்று நசுங்கினாலும் காடியிலிருந்து நாக்கு விலகாது. பின்னர் குக் கம்பெனியே தன் மூடிகளில் லிவிங்ஸ்டன் முறையைக் கையாளத் தொடங்கியது என்பதையும், கால்மார் கம்பெனியும் அதையே பின்பற்றியிருந்தது என்பதையும் நீதிமன்றம் எடுத்துக் காட்டியது.

இங்கே குக் கம்பெனி ஒரு வாதம் செய்தது. ஊற்றும் மூக்கு வேறு தொழில், பூச்சி மருந்துத் தெளிப்பான் வேறு தொழில். ஒன்றில் உள்ளதை மற்றொன்றுக்கு எதிராகக் காட்டலாமா என்பதே அவ்வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஸ்காகின் தீர்க்க முயன்றது பூச்சி மருந்தைப் பற்றிய பிரச்சினை அன்று. மூடியைப் பற்றிய பிரச்சினை. திரவம் அடைத்த பாத்திரங்களின் மூடிகள் அனைத்தும் அவர் நோக்கியிருக்க வேண்டியவையே என்பது தீர்ப்பின் கருத்து. இவ்வழக்கு முழுவதிலும் நம் நெஞ்சில் பதியத்தக்க இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம். பால் கேனின் மூடியில் உள்ள உபாயம், பூச்சி மருந்துக் கேனின் மூடிக்குச் சான்றாகும். நெய்க் குடத்துக்குச் செய்ததை எண்ணெய்க் குடத்துக்குச் செய்துவிட்டுப் புதுமை என்று கூற இயலாது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்காகின் முதலில் பரந்த உரிமையைத்தான் கேட்டிருந்தார். காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் பழைய காப்புரிமைகளைக் காட்டி மறுத்தார். அதன்பின், புடைப்பு வளையத்தாலான அடைப்பு, மேல்மூடியின் அடிவிளிம்புக்கும் கழுத்து மூடிக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளி என்ற இரண்டுக்குள் தம் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டு உரிமை பெற்றார். வழக்கு வந்தபொழுது, மேல்மூடி அமைப்பு முழுவதுமே தம் கண்டுபிடிப்பு என்பதுபோல் குக் கம்பெனி வாதிட முற்பட்டது. அலுவலகத்தில் சுருக்கிக்கொண்டதை நீதிமன்றத்தில் விரித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நிலத்தின் எல்லையைக் கிரயப் பத்திரத்தில் குறுக்கி எழுதிவிட்டுப் பின்னர் வரப்பைத் தள்ளிப் போட முயல்வதை ஒத்தது இது. சுருக்கப்பட்ட அந்த இரண்டில் அடைப்பு லிவிங்ஸ்டனிடம் இருந்தது. இடைவெளியோ மிகச் சிறிய இயந்திர வேறுபாடு. ஆகவே காப்புரிமை செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

அப்படியானால் அந்த மூடி விற்பனையில் வெற்றி பெற்றதற்கு மதிப்பில்லையா? பல ஆண்டுகளாகப் பலர் முயன்றும் கைகூடாத ஒன்றை இவர் முடித்துக் காட்டியது கணக்கில் இல்லையா? இவை சாமானியக் கேள்விகள் அல்ல. நீதிமன்றம் இவற்றைப் புறக்கணித்துவிடவில்லை. புதுமை தெளிவாக விளங்காத இடத்தில் இவை உதவக்கூடும் என்றே கூறியது. ஆயினும் இவ்வழக்கில் விடை முன்பே காப்புரிமை அலுவலகத்தின் பேழையில் கிடந்தது. அதைத் தேடிப் பார்க்க ஒருவரும் முயலவில்லை. தேடாமல் இருந்த காலத்தை நெடுநாள் தேவை என்று எவ்வாறு கூறுவது? எனக்குத் தெரியாது என்பது புதுமைக்குச் சான்றாகாது என்பதே இதிலிருந்து தெரிய வருகிறது. கண்டிப்பான நியாயம்தான், ஆனால் பொதுமக்கள் பக்கம் நின்று பார்த்தால் வேறு நியாயம் இருக்க வழியில்லை.

மூடியோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட கலப்பை வழக்கு நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருங்கியது. கற்கள் மிகுந்த நிலத்தில் உளிக்கலப்பையைக் கொண்டு உழும்பொழுது, கொழு பாறையில் மோதினால் தண்டு முறிந்துவிடும். பென்னாகரத்தில் மேட்டு நிலம் உழுதவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வில்லியம் கிரகாம் என்பவர், கல்லில் மோதியவுடன் தண்டு மேலே எழும்பிப் பின் தானே பழைய இடத்துக்கு வரும்படி வில்லமைப்புக் கொண்ட பிடி ஒன்றை வகுத்து 1950-இல் ஒரு காப்புரிமை பெற்றார். பின்னர், கீல்தகட்டுக்கு மேலே இருந்த தண்டைக் கீழே மாற்றி வைத்து 1953-இல் இரண்டாவது காப்புரிமை பெற்றார். ஜான் டியர் கம்பெனியின் மேல் அவர் வழக்குத் தொடர்ந்தபொழுது, இரண்டாவது காப்புரிமையே செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. முன்பு வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்று கூறியிருந்தது. இவ்வழக்கில் எட்டாவது சுற்று நீதிமன்றம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றே முடிவு செய்தது. மேலிருந்ததைக் கீழே மாற்றினால் தண்டு அதிகமாக வளைந்து கொடுக்கும் என்பது, அத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சி உடையவருக்கும் உடனே தோன்றக்கூடியது என்பதே காரணம்.

அன்றைய தினமே அந்நீதிமன்றம் ஆடம்ஸ் என்பவருடைய மின்கலத்துக்கான காப்புரிமையைச் செல்லும் என்று உறுதி செய்தது என்பதையும் கூறாவிட்டால் வாசகர்கள், நீதிமன்றங்கள் எல்லாவற்றையும் தள்ளிவிடும் என்று எண்ணக்கூடும். மக்னீசியமும் ஒரு வகைச் செம்புக் குளோரைடும் கொண்டு, தண்ணீர் ஊற்றியவுடன் வேலை செய்யும்படி அமைத்த கலம் அது. பகுதிகள் தனித்தனியே பழையவை. சேர்த்தபொழுது நேர்ந்ததோ, அத்துறை நிபுணர்களே முதலில் நம்ப மறுத்தது. அந்த நம்ப மறுத்தலே அவருக்குச் சாட்சியாயிற்று.

இது நம் நாட்டில் எவ்வாறு? 1978-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த மிர்சாப்பூர்ப் பாத்திர வழக்கைப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தில் உள்ள மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர். அங்கே பாத்திரத்தை லேத்தின் சுழலும் தலைப்பகுதியில் மட்டும் பொருத்திக் கடைவது பழைய வழக்கம். எதிர்ப்புறத்தில் பிடிப்பு இல்லாமையால் பாத்திரம் ஆடும். சில வேளை பறந்து விழுந்து ஆளுக்குக் காயமும் உண்டாக்கும். எதிர்ப்புறத்திலிருந்து ஒரு முனையை அழுத்திப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் 1951-ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் மேல் காப்புரிமை பெற்றது. அதே ஊரைச் சேர்ந்த விசுவநாத் பிரசாத் ராதேசியாம் நிறுவனத்தின் மீது உரிமை மீறல் வழக்குத் தொடர்ந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை ரத்துச் செய்தார். அங்கேயே இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மீட்டுக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் மீண்டும் ரத்துச் செய்தது.

வேலை எளிதாயிற்று, விரைவாயிற்று, ஆபத்துக் குறைந்தது என்பவை உண்மையே. ஆனால் லேத்தில் எதிர்ப்புறத் தாங்கி என்பது நெடுங்காலமாக உள்ளது. அதைக் கொண்டு ஒரு பொருளை அழுத்திப் பிடிப்பதும் பழையது. பழைய பகுதிகள் சிலவற்றைச் சேர்த்து வைத்தல், அச்சேர்க்கையிலிருந்து புதிய பலன் ஏதும் தோன்றாவிடில், பட்டறை மேம்பாடு ஆகுமேயன்றிக் கண்டுபிடிப்பு ஆகாது. அத்தொழிலில் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் முன் அப்பிரச்சினையை வைத்தால் அவருக்கு இவ்வழி எளிதில் தோன்றியிருக்குமா என்பதே உரைகல். தோன்றியிருக்கும் என்றால் உரிமை இல்லை. அரசாங்கம் காப்புரிமை கொடுத்துவிட்டது என்பதனாலேயே அது செல்லும் என்ற உறுதி இல்லை என்பதையும் இத்தீர்ப்பு வற்புறுத்தியது. 'பேடண்ட் வாங்கியாயிற்று' என்று எவரேனும் ஒரு தாளைக் காட்டி நம் பட்டறைக்காரர்களை அச்சுறுத்தும்பொழுது இதை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இப்பொழுது நடப்பில் உள்ளது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு எவை கண்டுபிடிப்பு அல்ல என்று ஒரு வரிசை கூறுகிறது. அறிந்த கருவிகளைத் தத்தம் பழைய வேலையையே செய்யும்படி வெறுமனே வரிசை மாற்றி வைத்தல் அதில் ஒன்று. விவசாயம் செய்யும் முறையும் தோட்டப் பயிர் வளர்க்கும் முறையும் கண்டுபிடிப்பாகா. பரம்பரையாக அறிந்த அறிவும் அவ்வாறே. ஆகவே விதைக்கும் முறைக்கு எவரும் காப்புரிமை கேட்க முடியாது. விதைக்கும் கருவிக்குக் கேட்கலாம். கருவியின் வேலையை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மட்டும் காக்க வேண்டுமானால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். அதன் காலம் 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டலாம். மூடியின் அழகு இச்சட்டத்திலும், மூடி கசியாமல் இருக்கும் உபாயம் அச்சட்டத்திலும் அடங்கும் என்று கொள்ளலாம்.

காப்புரிமை அலுவலகம் கொடுக்கும் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கு 2007 முதல் 2021 வரை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மேல்முறையீட்டு வாரியம் இருந்தது. 2021-இல் அது கலைக்கப்பட்டு அவ்வதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இவ்வழக்குகளுக்கென 2023 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. தென் மாநிலங்களின் விண்ணப்பங்களை ஏற்கும் அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.

ஊராட்சிகளுக்கு முக்கியமானது மேல்முறையீடு அன்று. அதற்கு முந்திய கட்டம். ஒரு விண்ணப்பம் வந்தால் வழக்கமாக 18 மாதங்கள் கழித்து அது வெளியிடப்படும். வெளியிட்ட பின், உரிமை அளிக்கப்படும் வரை, எவர் வேண்டுமாயினும் 25-ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பவர் அத்தொழிலில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அப்பொருள் இந்தியாவில் முன்பே பொதுவில் அறியப்பட்டது அல்லது பயன்பட்டது என்பதும், ஓரிடத்து மக்களிடையே வாய்மொழியாகவேனும் வழங்கி வந்த அறிவு என்பதும் சட்டம் ஏற்கும் காரணங்கள். வாய்மொழி அறிவு என்று சட்டம் கூறியிருப்பது நம் கிராமங்களுக்குப் பெரிய காப்பு. ஆனால் வாய்மொழியாக இருந்தது என்பதை மெய்ப்பிக்க ஏதேனும் சான்று வேண்டுமே!

சான்று இருந்தால் என்ன ஆகும் என்பதை மஞ்சள் காட்டியது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் அக்காலத்து அமெரிக்கச் சட்டம் பிற நாட்டில் வழக்கத்தில் உள்ளதை மட்டும் வைத்து மறுப்பை ஏற்காது. அச்சில் வந்த சான்று வேண்டும். இந்திய அறிவியல் தொழிலாராய்ச்சிக் கழகம் பழைய வடமொழி நூலையும் 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டியபின், 1997-இல் அக்காப்புரிமை ரத்தாயிற்று. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரைத் தாக்கும் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-இல் அளித்த காப்புரிமையும் 2000-இல் ரத்துச் செய்யப்பட்டது. அதன் மேல்முறையீடு 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. இந்தியாவில் முன்பே அது வழக்கத்தில் இருந்தது என்பதற்கு நேரில் சாட்சி சொல்ல ஆள் கிடைத்தது அங்கே உதவியது.

நம் மாவட்டத்தில் புளியை உடைக்கவும், கேழ்வரகைப் புடைக்கவும், பட்டுப்புழுத் தட்டுகளை அடுக்கவும், மாமரத்துக்கு மருந்து தெளிக்கவும் பட்டறைகளில் எத்தனையோ சிறு உபாயங்கள் வழங்குகின்றன. இவற்றை ஊராட்சி ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். தமிழ்நாட்டில் இப்பொழுது ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஏதேனும் ஒரு கூட்டத்தில் அப்பதிவேட்டைப் படித்து நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்த்துவிட்டால், அந்நாளில் அது பொதுவில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு நாளிட்ட ஆவணம் உண்டாகிறது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எழுதும் முறையில் கவனம் வேண்டும். 'நெடுநாளாக எங்கள் ஊரில் இருக்கிறது' என்ற வாக்கியம் பயன்படாது. எந்த ஆண்டு முதல், யார் பட்டறையில், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எழுத வேண்டும். பழைய ரசீது இருந்தால் நகல் ஒட்ட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், உபாயம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று குறிப்பது. 'கசியாத மூடி' என்று எழுதினால் லோஸ், மெலன், லிவிங்ஸ்டன், ஸ்காகின் நால்வரையும் பிரித்தறிய முடியாது. 'மரைக்கு மேலே, வாஷர் இல்லாமல், கழுத்து வளையத்தில் ஒரு நாக்கு' என்று எழுதி, பக்கத்தில் அளவுடன் படமும் வரைந்தால்தான் பரிசோதகர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பள்ளி ஆசிரியர் ஒருவரைப் படம் வரையக் கேட்டுக்கொள்ளலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒருவர் தாம் கண்ட புதிய கருவிக்குத் தாமே காப்புரிமை பெற விரும்பினால், அவருடைய கருவியை அப்பதிவேட்டில் ஏற்றக் கூடாது. அவரும் அதைச் சந்தையிலோ கண்காட்சியிலோ வைக்கக் கூடாது. மத்திய அரசு அதற்கென அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே சட்டம் விலக்கு அளிக்கிறது. அங்கும் 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். முதலில் சுருக்கமான தற்காலிக விவரத்தைக் கொடுத்து நாளைப் பெற்றுக்கொண்டு, முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் கொடுக்க வழியுண்டு. தனி மனிதர் கணினி வழியாக விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். அதற்கு முன், குக் கம்பெனி செய்யத் தவறியதைச் செய்துவிடுவது நலம்: இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் கணினித் தளத்தில் பழைய காப்புரிமைகளைக் கட்டணமின்றித் தேடலாம். கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்கள் விண்ணப்பிக்க உதவுவதற்கென 2000-ஆம் ஆண்டு தோன்றிய தேசியக் கண்டுபிடிப்பு நிறுவனம் குஜராத்தில் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்க விரும்புவோருக்கு ஊராட்சிச் செயலர் கடிதம் எழுதி உதவலாம். தேடும்பொழுது தம் கருவியின் பெயரைக் கொண்டு மட்டும் தேடாமல், அக்கருவி தீர்க்கும் பிரச்சினையைக் கொண்டும் தேட வேண்டும். தெளிப்பான் என்று தேடியவருக்கு லிவிங்ஸ்டன் கிடைத்திருக்க மாட்டார். மூடி என்று தேடியிருந்தால் கிடைத்திருப்பார்.